ஒண்டுக்குப் பன்னிரண்டு

சுன்னாகம் தபால் கந்தோரில
சாய்வுப்பாதை கட்டியாச்சு.
நாடா வெட்டினவை நடந்தே ஏறிச்சினம்.
நான் பாதியில நிண்டு,
பின்னுக்கு உருண்டு,
ஆற்றையோ மோட்டார்சைக்கிளில முட்டினன்.

"ஒண்டுக்குப் பன்னிரண்டு, மேசன்.
ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம்."
"மதிலில போய் இடிக்குமே"
எண்டார் யேசுராசன்.
"இருந்து பாருங்கோ."
நான் வாங்கிலுக்கு மாறினன்.

என்ர கதிரையில
மூண்டு தரம் உந்தினார்.
நாலாந்தரம்
உள்ளங்கையைச் சாரத்தில துடைச்சுப்போட்டு
சுத்தியலைக் கேட்டார்.

இப்ப பாதை
வேம்பைச் சுத்தி வளைஞ்சு போகுது.
முதல் ஏறினது நானில்லை:
தபால் மூட்டை வண்டிலோடை பியோன்.
பிறகொரு பிள்ளைவண்டி.
முழங்கால் நோவெண்டு ஒருநாளும் சொல்லாத
கணக்கு வாத்தியார்.

வரிசையில ஆறாவதா
நிக்கிறன்,
எல்லாரையும் போல
எரிச்சலோடை.