நாலேமுக்கால் சென்ட்

மூலப்பத்திரம் மலையாளத்தில் இருந்தது.
தக்கலைக் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில்
வக்கீல் வின்சிலாஸ் விரல்வைத்துப் படித்தார்:
கிழக்கே தோடு.
தெற்கே அயனி நிற்கும் கையாலை.
மேற்கே பொன்னையன் வகை விளை.
வடக்கே, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி,
பாறுக்குட்டி தண்ணி கோரப் போற வழி,
ரெண்டு முழம்,
என்னென்னைக்கும்.

கிணறு தூர்ந்து முப்பது வருஷம்.
வில்லங்கச் சான்றில் பாறுக்குட்டி இல்லை,
சர்வே படத்தில் இல்லை,
லோன் தருகிற வங்கிக்கும் அவள் வேண்டாம்.
'அத விட்டிரலாம்' என்றார் வக்கீல்.
இவரும் தலையாட்டினார்.

இரணியல் பதிவு ஆபீசில் டோக்கன் பதினேழு.
அண்டியாபீசில் கறை தின்ற என் விரலை
மெஷின் மூன்று தடவை திருப்பி அனுப்பியது.
'ரேகையே இல்லியேம்மா!'
நாலாவது தடவை
பச்சை விளக்கு.
வெளியே வந்து ஆளுக்கொரு நன்னாரி சர்பத் குடித்தோம்.
விற்றவருக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

இன்று வானம் தோண்டக் கயிறு கட்டுகிறார்கள்.
வடக்கே கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க என்றேன்.
எவ்வளவு?
ரெண்டு முழம்.
இருக்கதே நாலேமுக்கால், இதுல இதுவேறயா,
செப்டிக் டேங்குக்கா என்றார் கொத்தனார்.

ஆமா என்றேன்.