கைகூனாவுக்குக் கிழக்கே

நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டருக்கு
வளைவே இல்லை என்றது பலகை.
ஸ்டீயரிங்கைப் பிடிக்கத் தேவையே இல்லை,
இருந்தும் இரு கையாலும் பிடித்திருந்தேன்.
பக்கத்தில் வாகீசன்
பெட்ரோல் ரசீதுகளை மடித்து மடித்துச்
சிறிதாக்கிக்கொண்டிருந்தான்.
பாதி அவன் தருவதாகப் பேச்சு.

கார் எனக்கு. வீடு அவனுக்கு.
அடிலெய்டில் எனக்கு வேலை,
அங்கிருந்து பெர்த்துக்கு அவனுக்கு விமானம்,
வியாழன் காலை.
தனியாக இவ்வளவு தூரம் ஓட்டாதே என்று
அவனாகத்தான் வந்தான்.
பிரிகிறவர்கள் வழித்துணைக்கு வருவதுண்டா
என்று கேட்டார் வக்கீல்.
எங்களுக்கும் தெரியவில்லை.

மரம் இல்லை.
உப்புச்செடி, உப்புச்செடி,
டயர் கிழிசல்,
கழுகு ஏறி நிற்கும் ஒரு கங்காரு,
மறுபடி உப்புச்செடி.
திடீரென்று தார் அகலமாகி
வெள்ளைக் கோடுகள் வரிசையாய் வந்தன.
கடக்க ஆளில்லாத இடத்தில் எதற்கு இது?
"பறக்கிற டாக்டர் இறங்க" என்றான்,
இரண்டு மணி நேரத்தில் முதல் பேச்சு.
யாருக்காவது மூச்சு முட்டினால்
நெடுஞ்சாலையே ஓடுபாதை ஆகிவிடுமாம்.
அதன்பிறகு
பின்கண்ணாடியில் வானத்தையும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

எதிரே ஒரு ரோடு ட்ரெயின், மூன்று பெட்டி நிறைய ஆடுகள்.
ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினார்.
நானும் தூக்கினேன்.
ஏழு வருட எதிர்வீட்டுக்காரரிடம்
இவ்வளவு பேசியதில்லை.

கைகூனா தாண்டியதும்
கடிகாரத்தை நாற்பத்தைந்து நிமிடம்
முன்னே தள்ளச் சொன்னது இன்னொரு பலகை.
மேற்கு மாநிலமும் தராத, கிழக்கு மாநிலமும் தராத நேரம்;
நடுவில் கிடக்கிற நாலைந்து பெட்ரோல் பங்க்குகள்
தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது.
அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருகினான்.
நான் காருடையதை அப்படியே விட்டேன்.
யூக்லா விடுதியில் அறை ஒன்று, கட்டில் இரண்டு.
விளக்கை அணைத்தபின் மணி என்ன என்று கேட்டேன்.
"யாருடைய மணி?" என்றான்.
சிரித்தோம்,
மெல்லிய சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ இருமும்வரை.

மறுநாள் செடூனா சோதனைச்சாவடி.
பழம், காய் எதுவும் அப்பால் போகக்கூடாது.
நார்ஸ்மனில் வாங்கிய மாண்டரின் பை,
பதினாலு பழம், பிரிக்கவே இல்லை.
தொட்டியில் போடுங்கள்,
இல்லையென்றால் இங்கேயே தின்றுவிடுங்கள் என்றாள் அதிகாரி.
பானட்டில் சாய்ந்து தின்னத் தொடங்கினோம்.
ஜூலைக் குளிரில் பல் கூசியது.
அவன் உரித்து, நார் எடுத்துத் தந்தான்.
நார் எனக்கு ஆகாது என்று
எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை.
ஒன்பதாவதில் வயிறு மறுத்தது.
பின்னால் ஒரு கேரவன்
ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது.

மீதி ஐந்தும் தொட்டிக்குள் போயின.
விதைகளை மட்டும் மூடிய கைக்குள் வைத்திருந்தான்.
"அதுவும்" என்றாள் அவள்.
கையைத் திறந்தான்.

அடிலெய்டுக்கு இன்னும்
எழுநூற்று எண்பது.