ஈயம்

யர்மிலாவின் இடுப்பில் ஆறு கிலோ ஈயம்.
காய்ச்சிக் காதில் ஊற்றும் ஈயமல்ல,
துணிப்பைகளில் தைத்த சிறு குண்டுகள்.
அவள் நாற்பத்தெட்டுக் கிலோ.
போஹுஷ் தொண்ணூற்று நாலு.
வெற்றிடத்தில் இருவரும் ஒன்றாய் விழுவார்கள்.
ப்ரிப்ராம் வானத்தில் காற்று இருக்கிறது.

கனத்தவன் முந்துவான்.
அதனால் அவனுக்குத் தொளதொள உடுப்பு,
அக்குளில் மடிப்பு மடிப்பாய் மிச்சத்துணி.
அவளுக்கு ஒட்டிய உடை, ஈயம்.
பதினோரு கோடைகள் இப்படித்தான்
ஒருவரையொருவர் எட்டிப் பிடித்தார்கள்.
நான் தலைக்கவசத்தில் கேமராவோடு
பக்கத்தில் விழுகிறவன்.

வயிறு தூக்கிப்போடும் என்பார்கள். போடாது.
விமானத்தின் வேகம் கொஞ்சதூரம் கூடவே வருகிறது.
பிறகு காற்று கெட்டிப்படும்.
வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு,
மீட்டர் வட்டியே தோற்கும்.
பன்னிரண்டாம் நொடியில் வரவும் செலவும் சரி.
மெத்தையில் குப்புறக் கிடப்பதுபோல்
மணிக்கு இருநூறு கிலோமீட்டர்.

போன குளிர்காலம் ப்ராக் ஆஸ்பத்திரியில் போயிற்று.
ஏப்ரலில் வந்தான். அதே உடுப்பு.
உள்ளே ஆளைத் தேட வேண்டியிருந்தது.

நாலாயிரம் மீட்டரில் கதவு.
கீழே எண்ணெய்க்கடுகு வயல், மஞ்சள் மஞ்சளாய்.
என் சட்டகத்தில் யர்மிலா மட்டும்.
அண்ணாந்தேன்.
எட்டு மீட்டர் மேலே அவன்
வில்லாய் வளைந்து, கைகளை ஒடுக்கி
இறங்கப் பார்க்கிறான்.
துணியெல்லாம் படபடக்கிறது.
அவள் தன்னைத் தட்டையாக்கினாள்,
விரல்களைக்கூட அகட்டினாள்.
எட்டு மீட்டர் பதினைந்தாயிற்று.

தரையில் யாரும் பேசவில்லை.
பாராசூட்டை மடித்து முடித்தபின்
வாரை அவிழ்த்தாள். பைகளை
மீன்தராசில் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்தாள்.
“எனக்கு வேண்டாம்.”
“உனக்கில்லை. என்னுடையதுதான்.
தூக்கிட்டு வா.”
நாலு கிலோ அவன் பக்கம் போனது.
புது உடை வாங்கேன் என்று சொல்ல வந்தவன்
கேமராக் கண்ணாடியைத் துடைத்தேன்,
துடைத்ததையே.

அன்று மாலை கடைசி விமானம்.
அந்தப் படம் என்னிடம் இருக்கிறது.
இருபதாம் நொடியில் அவன் கை அவள் மணிக்கட்டில்.
கன்னங்கள் நடுங்கும்,
அந்த வேகத்தில் யாருக்கும் நடுங்கும்.
பிறகு விலகி, பாராசூட்டுகள் விரிய
சட்டென்று இருவரும் மேலே பறப்பார்கள்.
எப்படி என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்.
யாரும் மேலே போகவில்லை.
இன்னும் விழுந்துகொண்டிருந்தது
நான்.