தலகட்டு

சொல்வதெழுதுதல். பத்துச் சொற்கள்.
மரம், கதவு, மணல், பட்டம்...
நகரி பஸ் திரும்புகிற சத்தத்தில்
ஏழாவது சொல்லை இரண்டு தரம் சொன்னேன்.

மூன்றாம் வகுப்பு நோட்டுகள் இருபத்து மூன்று.
கடைசி நோட்டைத் திறந்ததும்
சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.
எனக்கு முன்பே யாரோ திருத்தியிருக்கிறார்கள்.
சொல்லுக்கு ஒன்று என்றுகூட இல்லை,
எழுத்துக்கு எழுத்து
தலைக்கு மேல் குட்டிக் குட்டியாய்ச் சரி.

"யார் போட்டது, பிரவல்லிகா?"
பதில் இல்லை.
புத்தூரில் இரண்டு வகுப்பு முடித்தவள்.
அப்பாவுக்கு இந்தப் பக்கம் தறி வேலை கிடைத்து
ஜூலையில்தான் வந்து சேர்ந்தாள்.
வருகைப் பதிவுக்குக் கை மட்டும் தூக்குவாள்.

அவள் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை.
தேசப்பனைக் காட்டி, "வாடு கொட்டினாடு" என்றாள்.
மன்னார்குடிக்காரி நான். குனிந்து
பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன்,
தண்ணீரா, சாம்பாரா, எதைக் கொட்டினான் என்று.
வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.
அடித்தவனும் சிரித்தான்.
முதுகைத் தடவிக்கொண்டு
அவள் மட்டும் உட்கார்ந்துவிட்டாள்.
அப்புறம் பேசவே இல்லை.

இன்று அதே தேசப்பன்தான் எழுந்தான்:
"அது சரி இல்ல டீச்சர். தலகட்டு.
எங்க ஆயம்மா வீட்டுக் காலண்டர்ல
எல்லா எழுத்துக்கும் இருக்கும்."
சாக்பீஸ் வாங்கிப் பலகையில் போட்டும் காட்டினான்,
போலீஸ்காரருக்குத் தொப்பி வைக்கிற மாதிரி.

மறுபடி நோட்டைப் பார்த்தேன்.
கதவில் க-வுக்கு உண்டு, த-வுக்கு உண்டு,
வு-வுக்கு இல்லை.
அகரம் ஒலிக்கிற இடத்தில் மட்டும் வைத்திருக்கிறாள்.
ஒன்றுகூடத் தவறவில்லை, அந்தத் தவறில்.
மரத்தின் கடைசி ம்-மில்தான் குழம்பியிருக்கிறாள்:
புள்ளியும் வைத்து,
அழித்து,
தாள் கிழிந்து,
ஓட்டை வழியே அடுத்த பக்கத்து வாத்துப் படம்.

அந்தப் பக்கம் தலையில் ஒன்று வைத்தால்
எழுத்து வாய் திறக்கிறது.
இந்தப் பக்கம் தலையில் ஒன்று வைத்தால்
வாயை மூடிக்கொள்கிறது.
நடுவே என்ன இருக்கிறது?
ஒரு செக்போஸ்ட், ஒரு டீக்கடை,
மூக்கை நீட்டிக்கொண்டு படுத்திருக்கும் மலை.
எட்டு வயதில் இதைக் கடந்து வந்தவளுக்கு
எந்தப் புள்ளியை எப்படி விளக்குவது?

விளக்கவில்லை. மணி அடித்துவிட்டது.
முட்டை எண்ண வேண்டும், அறுபத்தொன்று.
மதியம் அட்டைக் கடிகாரம்,
பெரிய முள் கழன்று காணாமல் போய்
விளக்குமாற்றுக் குச்சி செருகினோம்.
புளியங்கொட்டையில் பத்துப் பத்தாய் அடுக்கும்போது
அவள் உதடுகள் தெலுங்கில் அசைந்தன.
கணக்கு சரியாக வந்தது. நான் கேட்கவில்லை.

நோட்டில் பத்துக்கு எவ்வளவு போட்டேன் என்று
தலைமையாசிரியர் நாகபூஷணம் கேட்டார்.
"அவளே போட்டுக்கொண்டாள் சார்" என்றேன்.
அவருக்கு அது பிடிக்கவில்லை.

தொப்பிகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன.
தீபாவளிக்குள் ப கழற்றியது. பொங்கலுக்குள் த.
க மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது.
அதே மாதங்களில் நான்
மாலை பஸ்ஸின் பலகையை
எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தேன்,
ஆளில்லாத நிழற்குடையில், வாய்க்குள்ளேயே.

பிப்ரவரியில் ஒரு காலை,
பாடத் தலைப்பு 'மரங்கொத்தி'.
பலகையில் ம எழுதினேன். கை நிற்கவில்லை.
அதன் தலையில்
சின்னதாய் ஒரு கோடு இழுத்துவிட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல்,
இதுவரை வகுப்பில் கேட்காத குரல்:
"டீச்சர், தமிழுக்கு அது வேணாம்."

நான் திரும்புவதற்குள்
டஸ்டரோடு பலகைக்கு வந்துவிட்டாள்.
எம்பினாள். எட்டவில்லை.
இன்னொரு முறை எம்பினாள்.
ர-வின் பாதி அழிந்தது.
ம-வின் தலையில் இருந்தது அப்படியே இருந்தது,
சாப்பாட்டு மணி வரைக்கும்.