உரிமையாளரா, வாடகைதாரரா

வில்லாபுரத்தில் எனக்கு ஒரு மாடிவீடு.
கீழே மாவு மில், மேலே நான் கட்டியது.
பதினேழு படி.
இடதுகால் இழுத்துக்கொண்ட பிறகு
அவர் ஒன்பதாவதில் உட்கார்ந்துவிடுவார்,
அங்கேயே காபி கேட்பார்.

அதை வாடகைக்கு விட்டுவிட்டு
தெப்பக்குளம் பக்கம் ஒரு சந்தில்
தரையோடு தரையான வீட்டுக்கு
வாடகைக்கு வந்தோம்.
வருவது ஆறாயிரத்து ஐந்நூறு,
போவது ஏழாயிரம்.
மாசம் ஐந்நூறு ரூபாய்க்குப் படியில்லாத பிழைப்பு,
பரவாயில்லை.

சூசைராஜ் கொடுத்த பத்து மாத அட்வான்ஸ்
என் பையில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை.
ரப்பர் பேண்டைக்கூட மாற்றாமல்
மேலே ஐயாயிரம் வைத்து
துளசிராம் சாரிடம் கொடுத்தேன்.
எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க" என்றான் சூசைராஜ்
போன ஞாயிறு, பூசை முடிந்து வந்து.
"சட்டத்துல மூணு மாசந்தானாம்.
பாப்பாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்.
மிச்சம் ஏழு மாசத்த..."
முடிக்காமல்
கதவுக் கொண்டியைப் பார்த்தான்.
நான் வாங்கிப் போட்ட கொண்டி.
நாற்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு.
அவன் சொல்லவில்லை, நான்தான் போட்டேன்.
கணக்கில் எப்போதும் எனக்கு வேகம்.

கீழவெளி வீதி ஜெராக்ஸ் கடைக்குப்
பதிவு செய்யப் போனேன்.
முபீனா என்று ஒரு பெண்,
நகத்தில் மட்டும் மிஞ்சிய மருதாணி.
திரையைப் பார்த்தபடியே கேட்டாள்,
"உரிமையாளரா, வாடகைதாரரா?"
"ரெண்டும்."
நிமிர்ந்தாள்.
"ஒண்ணத்தாம்மா அமுக்க முடியும்."
"அப்ப ரெண்டு தடவ அமுக்கு."

ஒரே ஆதார், ஒரே போட்டோ.
முதல் மனுவில் என் பெயர் மேலே,
அடுத்ததில் கீழே.
அதே முகம்தான்,
மேலே இருந்தபோது
கொஞ்சம் தடித்துத் தெரிந்தது.

சர்வர் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில்
சட்டத்தை வாசித்துக் காட்டினாள்
கீரை விலை சொல்வதுபோல.
முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது,
மாறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி.
"நில்லு. இன்னொரு தடவ."
"நீங்க ரெண்டு பேரும் வேற மாதிரி
எழுதிக்கிட்டா அது வேறயாம்மா."

ஒரு சின்னக் கதவு.
பழைய பத்திரம் பீரோவில் இருக்கிறது,
இருபது ரூபாய் முத்திரைத்தாளில்
பத்து மாதம் என்று என் கையெழுத்திலேயே.
அதைக் காட்டி நழுவிவிடலாம்.
நழுவி வெளியே வந்தால்
அந்தப் பக்கம் துளசிராம் சார்
அதே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"தண்ணி, கரண்ட் எதையும் நிறுத்தக் கூடாது.
நிறுத்தினா ஆபீசர்ட்ட புகார் குடுக்கலாம்."
அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள்.
நான் போகவில்லை.

போன சித்திரையில்
அழகருக்காக வைகையில் தண்ணீர் திறந்த வாரம்
வாடகை பதினோரு நாள் தள்ளிப்போனது.
மோட்டார் சுவிட்ச் பெட்டியைப் பூட்டி
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.
இரண்டு நாள்.
போனில் ரிப்பேர் என்றேன்.
சூசைராஜின் மனைவி
மில்காரர் குழாயில் பிடித்துப்பிடித்து
பதினேழு படி ஏறியிருக்கிறாள்.
எத்தனை குடம் என்று
நான் கணக்குப் போடவில்லை.

சாயந்திரம் துளசிராம் சார் வீட்டு
கேட்டருகே நின்றேன்.
உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது,
தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்,
யாரும் நிறுத்தவில்லை.
கையில் இரண்டு மனுவும்.
எதை மேலே வைப்பது?
என்னுடைய சொல் என்று ஒன்றும் வரவில்லை.
கதவு திறந்ததும்
அவன் நின்ற மாதிரியே நின்று
கொண்டியைப் பார்த்துக்கொண்டு
அவனுடையதைத்தான் சொன்னேன்.
"சார், தப்பா நெனைக்காதீங்க..."