பன்னிரண்டாவது மணி நேரம்

முதல் தடவை பட்டுச்சேலையில்தான் பறந்தேன்.
ஒன்பது ஊக்கு.
சோதனை வாசலில் ஒவ்வொன்றுக்கும்
ஒரு தரம் கீச்சிட்டது.
உள்பாவாடை நாடாவை அண்ணி
மூச்சைப் பிடிக்கச் சொல்லி முடிந்துவிட்டிருந்தாள்.
பன்னிரண்டாவது மணி நேரத்தில்
வயிறு ஊதியது.
நாடா ஊதவில்லை.

எட்மண்டனில் இறங்கிக் குளித்தபோது
இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு,
அந்த இடத்தில் என்னை மடித்து
உறையில் போட்டு அனுப்பியதுபோல.

பதினாறு வருடம் கழித்து
பெரியகுளத்தில் ஒரு பத்திரத்துக்குக்
கையெழுத்துப் போடப் போகிறேன்.
இங்கே மைனஸ் இருபத்தொன்பது.
அங்கே மாசி வெயில் முப்பத்தி நாலாம்.
நடுவில் இருபத்தாறு மணி நேரம்
எந்த ஊர்ப் பருவமும் இல்லாத ஒரு இருக்கை.
மூன்றுக்கும் சேர்த்து
எதை உடுத்துவது?

கணவர் ஜீன்ஸ் என்றார்.
அந்தப் பித்தளைப் பொத்தானோடு
உட்கார்ந்தபடி தூங்கிப் பார்த்திருக்கிறாரா அவர்?
யாழிசை லெக்கிங்ஸ் என்றாள்,
எல்லாரும் அதானேம்மா போடுறாங்க.
எல்லாருடைய தொடையும் எனக்கில்லை.
அண்ணன் வாட்ஸாப்பில்:
சம்பந்தி வீட்டாரும் ஏர்போர்ட்டுக்கு வர்றாங்க,
பார்த்து உடுத்திட்டு வா.

நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருக்கிறவள்.
நாளைக்கு அறுநூறு அங்கி மடிக்கிறேன்.
துணியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
உடம்புக்கு முடியாத நாளில்
யாருக்கும் யாரும் பெல்ட் கட்டிவிடுவதில்லை.

ராத்திரி பதினொன்றுக்குப் பெட்டியை மூடிவிட்டு
கண்ணாடியில் பார்த்தால்
பதில் என் மேலேயே இருந்தது.
நைட்டி.
ஊதாப் பூப் போட்ட பருத்தி,
கழுத்தில் ஒரு பொத்தான் இல்லை.
மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு
கொத்தமல்லி வாங்கத் தெருமுனைவரை
ஊரே போய்வருகிற உடை.
கடைக்குப் போகலாம்,
கடல் தாண்டக் கூடாதா?

உள்ளே தெர்மல்.
ரத்தம் கட்டாமலிருக்க டாக்டர் சொன்ன
முட்டிவரை இறுக்கும் சாக்ஸ்
(இடது காலுக்கு மட்டும் கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன்).
கால் வீங்குமே என்று
ஒரு அளவு பெரிய ஷூ.
எல்லாவற்றுக்கும் மேல் கணுக்கால்வரை கோட்.
வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

விடியற்காலை நாலரைக்கு ரோசலிண்டா கார் கொண்டுவந்தாள்.
எங்களுக்குள் ஒரு ஏற்பாடு:
நான் ஊருக்குப் போனால் என் கோட் அவள் வீட்டு ஆணியில்,
அவள் போனால் அவளுடையது என் வீட்டில்.
ஆறு வாரம் வெயிலில்
அந்தக் கரடியைச் சுமக்க யாரால் ஆகும்.
விமான நிலைய வாசலில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க,
கழற்றிக் கொடுத்தேன்.

மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.
வாயைப் பொத்தினாள்.
'தஸ்டர்' என்றாள்.
மணிலாவில் அதற்கு அந்தப் பெயராம்.
அவள் தெருவிலும் அதோடுதான் மீன் வாங்கப் போவார்களாம்.
இத்தனை வருஷமும் நான் ஜீன்ஸில் போய்ச் செத்தேனே என்று
கோட்டால் என்னை ஒரு அடி அடித்தாள்.

கதவுக்குப் பதினோரு எட்டு.
நைட்டிக்குள் காற்று புகுந்து
என்னை மணியாக்கி ஆட்டியது.
பல் கிடுகிடுக்கச் சிரித்துக்கொண்டே ஓடினேன்.

இப்போது பன்னிரண்டாவது மணி நேரம்.
விளக்கை அணைத்துவிட்டார்கள்.
பக்கத்து இருக்கைக்காரர் இருட்டில்
பெல்ட்டின் அடுத்த துளையைத் தேடுகிறார்.
எனக்கும் வயிறு ஊதியிருக்கிறது.
ஊதட்டும்.

கைப்பையில் ஒரு சேலை இருக்கிறது,
சென்னையில் இறங்கியதும் மாற்றிக்கொள்ள,
இஸ்திரி போட்டது, சம்பந்திகளுக்காக.
ஊக்குகள்தான் இல்லை.
ஒன்பதும் கோட்டின் இடது பையில்,
மில்வுட்ஸில் ரோசலிண்டா வீட்டு ஆணியில் தொங்குகின்றன.

மறந்துவிட்டேனா என்று கேட்டால்
அண்ணனிடம்
மறந்துவிட்டேன் என்றுதான் சொல்வேன்.