சனிக்கிழமைத் தலை

முப்பத்தோராம் நாள் மலருக்கு எட்டுப் பக்கம்தான்,
பன்னிரண்டென்றால் காசு கூட என்கிறார்
களுவாஞ்சிகுடி அச்சகத்துப் புவிராசா.
முதலில் பிள்ளையார், பிறகு தேவாரம்.
அட்டையில் பெத்தா:
அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து
பின்னால் நீலவானம் பூசி
தோளுக்கொன்றாய் அன்னம் விட்டிருக்கிறார்.
"வாத்துக்கு ஏன் கழுத்து நீண்டிரிக்கி?"
என்று கேட்டிருப்பாள்.

பேரப்பிள்ளைகளின் நினைவலைக்கு அரைப் பக்கம்.
ஆளுக்கு நாலு வரி, குரலில் அனுப்புங்க என்று
குடும்பக் குழுவில் போட்டேன்.

ஸ்காபரோவில் பனி தள்ளிக்கொண்டே மதிவதனன்:
"கொடுவாத் தலை எனக்குத்தான் தருவா.
மத்ததுகளுக்குச் சொல்லாத மனே என்பா."
தோகாவிலிருந்து லதுர்சன்,
வேலை முடிந்து பஸ்சுக்குள்:
"ஒருத்தருக்கும் தெரியாது,
பெத்தா எனக்குத் தலை ஒளிச்சு வைப்பா."
அக்கரைப்பற்றுக் கோமளா குரல் அனுப்பவில்லை.
எழுதினாள்:
பொய். தலை எனக்கு.

நான் எழுதி வைத்திருந்த நாலு வரியும்
அதுதான்.

இருபத்தெட்டு வருசம்
பல்லிடுக்கு முள்ளாய் வைத்திருந்த ரகசியம்.
குசினிக் கதவுக்குப் பின்னால்
"ஓடி வாகா, கெதியாத் தின்" என்று
புளியாணத்தில் மிதந்த தலையை அகப்பையால் ஏந்தித் தருவாள்.
கண்ணை உறிஞ்சி
கன்னச் சதையை நகத்தால் கிண்டி
வாய் கழுவி, ஒன்றும் தெரியாதவள் போல்
முற்றத்துக்கு வந்து
வால்துண்டு தின்கிற மற்றவர்களைப் பார்த்து
எவ்வளவு பாவப்பட்டிருக்கிறேன்.
அவர்களும் என்னைப் பார்த்துப்
பாவப்பட்டிருக்கிறார்கள்.

செத்து இருபத்தாறு நாளான ஒருத்தியோடு
கோபிக்கலாமா தெரியவில்லை.
கோபித்தேன்.

கோமளா கணக்கு டீச்சர்.
"எந்தக் கிழமை?" என்று மட்டும் கேட்டாள்.
எனக்கு வியாழன்,
ரியூசன் விட்டு வரும் பசி இன்னும் நினைவிருக்கிறது.
அவளுக்குத் திங்கள். லதுர்சனுக்குப் புதன்.
மதிக்கு ஞாயிறு, மூத்தவன் அல்லவா.
செவ்வாயும் வெள்ளியும் எங்கள் சட்டிக்கு மீனில்லை.
அப்ப சனி?

எல்லாரும் பார்த்ததற்கு நீலக் கோடு விழுந்தது.
ஒருவரும் பதில் போடவில்லை.

கோட்டைக்கல்லாற்றுக்குத் திரும்பி அம்மாவைக் கேட்டேன்.
அந்தியேட்டிக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.
"சனி தம்பிக்கு" என்றாள்,
சுளகு நிற்கவில்லை.

குணசீலன் மாமா.
தொண்ணூறில் ஒரு சனி, சைக்கிளுக்குச் செயின் வாங்க
கல்முனைக்குப் போனவர்.
சனி தோறும் கோப்பையில் தலையை வைத்து மூடி
இரவு படலை கட்டாமல் விடுவாளாம்.
ஞாயிறு விடிய, நாங்கள் எழும்ப முதல்
தண்ணிச் சோற்றோடு தானே தின்பாளாம்,
நின்றபடி.

மூத்தப்பாவுக்கு அமாவாசையில் காகத்துக்கு வைத்தாள்.
சனிக்கிழமை ஊரெல்லாம் காகம் கூப்பிட
எங்கள் வளவில் மட்டும்
ஒரு பருக்கை விழுந்ததில்லை.
பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை கேட்டதற்கு
"காகத்துக்கு ஏன்கா?
நம்மட பிள்ளையள்ள ஆரு செத்த?"

இன்று ஒப்புநோக்கத் தாள் வந்திருக்கிறது.
பிள்ளைகள்: யோகமலர், குணசீலன், இராசமலர்.
நடுப் பேருக்கு முன்னால்
பென்சிலால் "அமரர்" எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
புவிராசா பேனையை நீட்டுகிறார்.

நான் கோடு இழுத்தேன்.
சொல்லையா குறியையா வெட்டினது என்று
தாளைக் கிறுக்கிக் கிறுக்கிப் பார்த்தார்.
"பேர் மட்டும் போடுங்க."

"அப்ப இந்த அரைப் பக்கம்?
நினைவலை ஒண்டும் வரல்லயே?"
மீன் படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன்.
தலை பெரிசாய், கொடுவா என்றால் நல்லம்.

கணினிக்குள் வெகுநேரம் தேடினார்.

"மீன் இல்ல மகள்.
அன்னம்தான் இரிக்கி."